இழை அறுந்தால் எங்கே தெரியும்?

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை இந்நாட்டில் வாழ்ந்தவர் எவரும் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். மார்ச் 31 ஆம் திகதி பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. அதனைத் தொடர்ந்து வந்த நாள்களில் மின்சாரம் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தோம். நோன்பு மாதமும் அதே கையோடு பிறந்தது. கல்முனைப் பகுதியில் கிணற்று நீரை மோட்டார் கொண்டு மேலேற்றி, கூரைமட்டத்துத் தாங்கியில் நிரப்பிப் புழங்கும் வீடுகள் ஏராளம். மின்சாரம் வந்தவுடன் யாராவது எழுந்து மோட்டாரைப் போடவேண்டும். தாங்கி நிரம்பியதும் நிறுத்தவேண்டும். பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவன் நான் ஒருவனே என்பதால், அப்பதவி எவ்வித விண்ணப்பமுமின்றி எனக்கே வழங்கப்பட்டது.

கட்டாரில் கட்டடங்களின் குளிரூட்டிகளையும் மின்விளக்குகளையும் கணினியால் கட்டுப்படுத்தும் தொழிலில் இருந்துவிட்டு வந்திருந்த என் ராத்தாவின் மகன், ஸஹருக்குப் பிந்திய எனது கொட்டாவிகளைக் கண்டு இரக்கப்பட்டான். "மாமா, இதுக்கு ஒரு ஆள் முழிச்சிருக்கத் தேவல்ல. உங்கட பழைய மடிக்கணினியத் தாங்க" என்றான். கட்டுரைகளைத் தட்டச்சிட்டுத் தேய்ந்துபோன அந்த யந்திரத்தில் 'நோட்-ரெட்' என்ற ஒரு கட்டற்ற மென்பொருளை அவன் நிறுவினான். உலாவியைத் திறந்து, அக்கணினியின் முகவரியோடு 1880 என்ற வாயில் எண்ணையும் இட்டதும், கட்டம் போட்ட வெறுந்தாள் போன்ற ஒரு பக்கம் விரிந்தது. இடது ஓரத்தில் நிறநிறமான சிறு பெட்டிகளின் வரிசை. ஒன்றை இழுத்துத் தாளில் வைத்தான். இன்னொன்றை அதன் வலப்புறத்தில் வைத்தான். முதலாவதின் ஓரத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து இரண்டாவதில் மாட்டினான். "முடிஞ்சுது. இதான் புரோகிராம்" என்றான்.

எண்பத்தெட்டு வயதான எனது தாய்மாமா அன்று மருதமுனையிலிருந்து வந்திருந்தார். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைத் தாண்டினால் வரும் அந்த ஊரின் கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் பற்றி இலங்கை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து இறக்குமதித் துணிகள் குவிந்தபோது அங்கு தளர்ந்த தறிகள் பல. தளராதிருந்த சிலவற்றுள் மாமாவுடையதும் ஒன்று. அதனை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம் என்றிருக்க, ஒரு தறியைப் பற்றி அவர் எக்காலத்திலும் வாய்திறந்து வருந்தியதில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்த அவர் சொன்னார்: "இது பாவு புணைஞ்ச மாதிரித்தான் கிடக்கு, மருமகன். ஆனா ஒரு இழ அறுந்தா எங்க தெரியும்?"

இளையவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் நான் வருந்த நேர்ந்தது. அதனைச் சொல்லுமுன், மாமாவின் ஒப்பீடு தற்செயலானதன்று என்பதை நிறுவவேண்டியிருக்கிறது.

மாமாவின் தறியில் சேலைக் கரைப்பூவுக்கென்று 'டொபி' என்ற ஓர் அமைப்பு இருந்தது. மரச்சட்டங்களைச் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொரு சட்டத்திலும் சில துளைகளில் மட்டும் முளைகள் அடித்திருப்பார்கள். முளை இருக்கும் இடத்தில் பாவிழைகளின் ஒரு தொகுதி மேலே எழும். இல்லாத இடத்தில் கீழே நிற்கும். நாடா ஒருமுறை ஊடு பாய்ந்ததும் அடுத்த சட்டம் வரும். சிறுவயதில் அம்முளைகளை இடம்மாற்றிப் பூவைக் கெடுத்து அடி வாங்கியவன் நான். நான் செய்த முதலாவது நிரலாக்கப் பிழை அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

துளையும் முளையுமாகிய இந்த எண்ணம் ஐரோப்பாவில் பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளரிடையே வளர்ந்தது. 1725 இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளால் தறியை இயக்க முயன்றார். சில வருடங்களில் ஃபால்கோன் அதனை அட்டைகளாக்கினார். வோகான்சோன் மேலும் திருத்தினார். 1804 இல் ஜக்கார்ட் அதனைத் தொழிற்பயனுக்கு உகந்த முழு யந்திரமாக்கினார். ஜக்கார்டின் சொந்த உருவப்படத்தையே ஏறக்குறைய 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் ஆங்கிலக் கணிதவியலாளர் சார்ள்ஸ் பபேஜ். தாம் திட்டமிட்ட கணிப்புப் பொறியை அதே வகை அட்டைகளால் இயக்கவே அவர் எண்ணினார். பொறி நிறைவேறவில்லை, எண்ணம் நிலைத்தது.

1890 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹேர்மன் ஹொலரித் துளையட்டைகளை மின்சாரத்தால் எண்ணினார். அவருடைய கம்பனி 1911 இல் வேறு கம்பனிகளோடு இணைந்தது. 1924 இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் உலகின் பெரிய அலுவலகங்களின் கணக்கு, அட்டைக் கட்டுகளாகவே ஓடியது. ஒரு யந்திரம் அட்டைகளைத் தரம்பிரிக்கும். இன்னொன்று இரு கட்டுகளைக் கோக்கும். மற்றொன்று கூட்டி அச்சிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. அவ்வேலையை மாற்றவேண்டுமானால், துளைகள் நிறைந்த ஒரு பலகையில் கம்பித் துண்டுகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகுவார்கள். நோட்-ரெட்டின் பெட்டிகளையும் கோடுகளையும் பார்த்த எனக்கு, அப்பலகைகளின் புகைப்படங்களே முதலில் நினைவுக்கு வந்தன.

கொழும்பில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த நாள்களில் எங்கள் அலுவலகத்து ரெலிபிறின்டரிலிருந்து ஐந்து துளை வரிசை கொண்ட காகித நாடா சுருள்சுருளாக விழுந்துகொண்டிருக்கும். உலகச் செய்தி முழுவதும் ஓட்டைகளாக வந்து, எங்கள் மேசையில் தமிழாக மாறி, அச்சுக்கோப்போர் அறைக்குப் போயிற்று. அதுவும் ஓர் ஓட்டம்தான். நாடா கிழிந்தால் செய்தியும் கிழியும். ஆனால் கிழிந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

இனி நமது விடயத்தின் மூலபுருடருக்கு வருவோம். பெயர் ஜே. போல் மொறிசன். ஐ.பி.எம். கம்பனியின் கனடாக் கிளையில், மொன்றியல் நகரில் பணியாற்றியவர். அட்டை யந்திரங்களின் ஒழுங்கை நன்கறிந்த அவருக்கு, கணினி வந்தபின் எல்லாவற்றையும் 'முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய்' என்று ஒரே நீண்ட கட்டளைப் பட்டியலாக எழுதும் முறை செயற்கையாகப்பட்டது. தரவு ஒரு பொதியாகப் புறப்பட்டு, சிறு சிறு தனி யந்திரங்களின் ஊடாகப் பாயட்டும்; ஒரு யந்திரத்துக்கு அடுத்த யந்திரம் எது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை; இணைப்பை வெளியே இருப்பவர் வரையட்டும் என்று அவர் கருதினார். 1960களின் இறுதியில் உருவான இவ்வெண்ணத்தை ஐ.பி.எம். 1971 இல் தனது தொழில்நுட்ப வெளியீட்டில் பிரசுரித்தது. கனடிய வங்கியொன்றின் கணக்கு வேலைகள் பல பத்தாண்டுகள் இம்முறையில் ஓடின. 1994 இல் மொறிசன் இதனை நூலாக்கினார். ஓட்டவழி நிரலாக்கம் என்று தமிழில் சொல்லலாம். நாங்கள் தாங்கிக்குக் கீழே காவலிருந்த அதே 2022 இல் அவர் காலமானார்.

இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றியதன்று. 1964 இல் பெல் ஆய்வுகூடத்தின் டக் மக்கில்றோய், நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகள்போல் ஒன்றோடொன்று திருகி இணைக்க வழி வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். ஒன்பது வருடங்களின் பின் யுனிக்ஸ் அமைப்பில் அது நடைமுறைக்கு வந்தது. 1966 இல் பேர்ட் சதர்லண்ட் திரையில் வரைந்தே நிரல் செய்வதைத் தமது ஆய்வேடாக்கினார். 1986 இல் வந்த லாப்வியூ, ஆய்வுகூடக் கருவிகளை இவ்வாறு கம்பியிட்டு இயக்கியது. நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. இணையச் சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடச்செய்யும் 'பீபெல்' மொழியின் 2002 ஆம் ஆண்டு வரைவை எழுதியோருள் ஒருவர், அப்போது ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் இருந்த சஞ்சீவ வீரவரண. 2005 இல் அவர் இணைந்து தொடக்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் பிறந்த பலரினா மொழியில், எழுத்தாக எழுதிய நிரலைப் படமாகவும் பார்க்கலாம்.

நோட்-ரெட் பிறந்தது 2013 இன் தொடக்கத்தில். இங்கிலாந்தில் ஐ.பி.எம். கம்பனியைச் சேர்ந்த நிக் ஓலியரி, டேவ் கொன்வே-ஜோன்ஸ் ஆகிய இருவரும், கருவிகளிலிருந்து வரும் செய்திகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைத் திரையில் வரைந்து பார்க்கவே அதனைச் செய்தார்கள். அவ்வருடம் செப்டெம்பரில் அது பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. 2016 இல் கம்பனிக்கு வெளியே ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. மொறிசனின் கண்டிப்பான இலக்கணத்தின்படி இது முழுமையான ஓட்டவழி நிரலாக்கம் அன்று. அவருடைய முறையில் இரு யந்திரங்களுக்கிடையே உள்ள வரிசை நிரம்பினால், அனுப்புபவர் காத்து நிற்கவேண்டும். நோட்-ரெட்டில் அத்தகைய தடுப்பு இல்லை. பெரிய வங்கிக்கு அது குறையாகலாம். ஒரு வீட்டுத் தாங்கிக்கு அதுவல்ல பிரச்சினை.

தொடங்க விரும்புவோர் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மடிக்கணினியே போதும். மின்வெட்டில் அதன் பற்றரி கைகொடுக்கும் என்பது உள்ளங்கையளவுக் கணினிகளுக்கு இல்லாத வசதி. முதலில் 'இன்ஜெக்ட்' என்ற பெட்டியையும் 'டிபக்' என்ற பெட்டியையும் வைத்து ஒரு கோட்டால் இணைத்து, மேலே வலது மூலையில் உள்ள 'டிப்ளோய்' பொத்தானை அழுத்துங்கள். முதற்பெட்டியின் ஓரத்தைத் தட்டினால் ஒரு செய்தி கோட்டின்வழி ஓடி, வலப்பக்கத்தில் எழுத்தாக விழும். எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான். செய்தி என்பது ஒரு பொதி. அதனுள்ளே 'பேலோட்' என்ற அறையில் சரக்கு இருக்கும். 'சுவிட்ச்' பெட்டி சரக்கைப் பார்த்துப் பாதையைப் பிரிக்கும். 'சேஞ்ச்' பெட்டி சரக்கை மாற்றும். 'ட்ரிகர்' பெட்டி ஒன்றை அனுப்பி, சொன்ன நேரம் கழித்து மற்றொன்றை அனுப்பும். இந்த ஐந்தைக் கற்றால் ஒரு வீட்டை நடத்தலாம். ஒன்றை மறவாதீர்கள்: நிறுவியபடியே விட்டால் இதற்குக் கடவுச்சொல் கிடையாது. உங்கள் வைஃபையில் நுழைந்த எவரும் உங்கள் மோட்டாரைப் போடலாம். அதனை முதல் நாளே பூட்டிவிடுங்கள்.

தாங்கியில் மேலொன்று கீழொன்றாக இரு மிதவைச் சுவிட்சுகளைத் தொங்கவிட்டு, ஒரு சிறு வைஃபை பலகையோடு பொருத்தினோம். மோட்டாரடியில் ரிலேயுடன் கூடிய இன்னொரு பலகை. இரண்டும் பேசிக்கொள்வதற்கு எம்.கியூ.ரி.ரி. என்ற செய்தி முறை. இதனை 1999 இல் ஐ.பி.எம். கம்பனியின் அண்டி ஸ்ரான்ஃபோட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கவென வகுத்தார்கள். மனித நடமாட்டமற்ற வெளிகளில் கிடக்கும் கருவிகள், விலைகூடிய செய்மதித் தொடர்பின்வழி மிகக் குறைந்த சொற்களில் பேசவேண்டும் என்பதே நோக்கம். நடுவில் ஒரு தரகர் இருப்பார். கருவிகள் அவரிடமே செய்தி கொடுக்கும், அவரிடமே வாங்கும். எங்கள் தரகரும் மடிக்கணினியிலேயே இருந்தார். கீழ்மிதவை தாழ்ந்தால் 'போடு'. மேல்மிதவை உயர்ந்தால் 'நிறுத்து'. படம் நான்கைந்து பெட்டிகளுக்குள் அடங்கியது. மருமகன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்டான். நான் உறங்கினேன்.

மூன்றாம் வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனது ஊகத்தில், கட்டளை தொலைந்துபோகாதிருக்கட்டும் என்று 'தக்கவைத்துக்கொள்' என்ற தெரிவை நானே தட்டிவைத்திருந்தேன். ஓரிரவு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. 'போடு' என்ற கட்டளை தரகரிடம் பத்திரமாக இருந்தது. நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் வந்ததும் மோட்டார்ப் பலகை விழித்து, தரகரிடம் விசாரித்து, கட்டளையைப் பெற்று, விசுவாசமாக மோட்டாரை ஓட்டியது. தாங்கியில் இருந்த பலகையோ ரவுட்டரைக் கண்டுபிடிக்கமுடியாமல் செத்துக் கிடந்தது. தாங்கி நிரம்பிற்று, மேல்மிதவை உயர்ந்தது, அதனைச் சொல்ல வாய் இல்லை. நிரம்பிய தண்ணீர் அயல்வீட்டு வளவெல்லாம் பாய, கிணறு வற்றி, மோட்டார் காற்றை உறிஞ்சி, சுபஹுக்கு முன் கொயில் கருகிப்போனது. சாமான்களின் விலை நாளுக்கொரு விதமாக ஏறிய அந்த நாள்களில், சுற்றுக்கம்பிக்கும் கூலிக்குமாக நான் கொடுத்த தொகையை எழுத மனம் வரவில்லை. ஆறு நாள் வாளியால் அள்ளினோம். பிழை கம்பனிக்காரருடையதுமன்று, மருமகனுடையதுமன்று.

கருகிய வாசனையோடு திரையைப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை. பெட்டிகள் அமைதியாக இருந்தன. தாங்கிப் பெட்டியின் கீழே பச்சைப் புள்ளியோடு 'இணைந்துள்ளது' என்ற சொல்கூட இருந்தது! பின்னரே விளங்கிற்று: அந்தப் பச்சை, நோட்-ரெட் தரகரோடு இணைந்திருப்பதை மட்டுமே சொல்கிறது. அதற்கப்பால் தாங்கியில் இருக்கும் பலகை உயிரோடிருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. தறியில் ஒரு பாவிழை அறுந்தால் துணியில் நெடுக ஒரு வெளி விழும். நெய்பவன் அடுத்த சாணுக்குள் காண்பான். ஓட்டப்படத்தில் அறுந்த இழையும் ஓய்ந்திருக்கும் இழையும் ஒரே மாதிரி இருக்கும். வராத செய்திக்கு உருவம் இல்லை. மாமா கேட்டது இதைத்தான்.

எல்லாவற்றையும் வரைந்து காட்டிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இம்முறையைப் புகழ்வோர் சொல்வதுண்டு. நானும் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அப்படி எழுதியிருப்பேன். பாதை தெரியும், பாதையில் ஆள் வராதது தெரியாது. அதற்கெனத் தனியே வரையவேண்டும்.

விந்தை என்னவென்றால், 1999 இலேயே அதற்கு வழி செய்திருந்தார்கள். பாலைவனத்துக் குழாயடியில் ஒரு கருவி செத்தால் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு கருவியும் தரகரிடம் சேரும்போதே, 'நான் சொல்லாமல் போய்விட்டால் இதனை எல்லாருக்கும் அறிவித்துவிடு' என்று ஒரு செய்தியை ஒப்படைத்து வைக்கலாம். ஆங்கிலத்தில் அதன் பெயரே இறுதி விருப்பமும் மரண சாசனமும் என்பதுதான். நம்மூர்ச் சொல்லில் வஸிய்யத். கருவி அறுபது வினாடிக்கு ஒருமுறை பேசுவதாக வாக்களித்திருந்தால், தரகர் தொண்ணூறு வினாடி பொறுப்பார். பின்னர் வஸிய்யத்தை வாசித்துவிடுவார். எங்கள் தாங்கிப் பலகை வஸிய்யத் எழுதாமலே மௌத்தாகியிருந்தது.

விடுமுறையில் வந்த மருமகனும் நானும் படத்தைத் திரும்ப வரைந்தோம். கட்டளைகளைத் தக்கவைக்கும் தெரிவை நீக்கினோம். தக்கவைக்க வேண்டியது நிலைமையை, கட்டளையை அன்று. மோட்டார்ப் பலகை எப்போது விழித்தாலும் 'நிறுத்து' என்ற நிலையிலேயே விழிக்கும். தாங்கிப் பலகை நிமிடத்துக்கொருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும்; மூன்று நிமிடம் அக்குரல் கேட்காவிட்டாலும், வஸிய்யத் வாசிக்கப்பட்டாலும், மோட்டார் நிற்கும். எது எப்படியாயினும் நாற்பது நிமிடத்துக்குமேல் ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு மூன்றாவது மிதவையொன்றைக் கணினியோடு எவ்விதத் தொடர்புமின்றி, கொன்டாக்டர் வழியாக மோட்டாரின் இணைப்பிலேயே பொருத்தினோம். 230 வோல்ற் மின்சாரத்தில் கைவைக்கும் வேலையை எழுத்தாளர்களும் மருமக்களும் செய்யலாகாது. நான்கைந்து பெட்டிகளாக இருந்த படம் பத்தொன்பதாயிற்று. அவற்றுள் தண்ணீர் இறைப்பதற்கானவை இன்னமும் அதே ஐந்துதான். மீதி யாவும் இழை அறுந்ததைக் காண்பதற்கு.

அடுத்த தடவை மாமா வந்தபோது புதிய படத்தைக் காட்டி, தாங்கிப் பலகையின் வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். ஒன்றரை நிமிடமளவில் திரையில் ஒரு பெட்டி சிவந்து, வாசல் விறாந்தையில் நாம் பொருத்தியிருந்த சிறு மணி ஒலித்தது. "ஒண்டர நிமிசத்துல நான் எட்டு விரல் நெய்ஞ்சிருப்பன்" என்றார். பிறகு, அந்த மணியை அவருடைய வீட்டிலும் ஒன்று பூட்டித்தர முடியுமா என்று கேட்டார். அவருடைய மகளின் வீட்டுத் தாங்கியும் நிரம்பி வழிகிறதாம்.

பெட்டிகள் யாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து மருதமுனைக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர்களுக்கு ஒரு கிணறு, இரண்டு தாங்கி. மருமகன் ஒரு பெட்டியை நகலெடுத்து இன்னொரு கோடு இழுத்தான். கோடு எங்கே போகவேண்டும் என்று மாமாதான் விரலால் காட்டினார்.